பதிப்பாசிரியர் இல்லாத இதழ்: பறவை ஆர்வலர் மடற்குழுக்களும் எழுதும் நெறியும்

வேளாங்கண்ணியில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று திருவிழாக் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 வரை நாகப்பட்டினம் சாலையெங்கும் நடைப்பயணிகள் வந்துகொண்டே இருப்பார்கள். அதே வாரங்களில் வடக்கேயிருந்து வலசை வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும், தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கோடிக்கரைச் சேற்றுவெளிகளில் இறங்கத் தொடங்குகின்றன. வேட்டைக்காரனிருப்பு, வேதாரண்யம் வழியாக அங்கே போகிறவர் முதலில் நெல்வயலையும் பிறகு உப்பளத்தையும் கடக்கிறார். வயலில் மடையானும் நத்தைகுத்தி நாரையும், உப்பளத்தில் கொசு உள்ளானும் பூநாரையும் கண்ணில் படும். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடிக்கரை, வேதாரண்யம் சதுப்பு நிலத்தோடும் தலைஞாயிறு காட்டோடும் சேர்ந்து 2002இல், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் உள்ள பரப்பு 38,500 ஹெக்டேர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டு வருகிறார்கள்.

இந்தப் பறவைகளைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்றவர் என்று பலவகைப்பட்ட ஆர்வலர்கள். பார்த்ததை அவர்கள் தங்களோடு வைத்துக்கொள்வதில்லை, குழுவுக்கு எழுதுகிறார்கள். முன்பு மின்னஞ்சல் மடற்குழுக்களில் எழுதினார்கள், இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். அந்த எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மின்னஞ்சல் நாகரிகம் என்றால் பணிவாகப் பேசுவது, வணக்கம் சொல்வது, சண்டை போடாமல் இருப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது நாகரிகத்தின் மேல்பகுதி மட்டுமே. ஆர்வலர் குழுவில் எழுதும் நெறிதான் அக்குழு சேர்க்கும் அறிவின் நம்பகத்தைத் தாங்கி நிற்கிறது. நெறி தளர்ந்த இடத்தில் மனக்கசப்பு வருவதோடு தகவலும் கெட்டுப்போகிறது.

ஆசிரியர் செய்த வேலை

இந்தியப் பறவை ஆர்வலர்களுக்குக் குழுவாக எழுதும் பழக்கம் இணையத்தோடு வரவில்லை. 1960இல் ஜாஃபர் ஃபதேஅலி ‘நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது சைக்ளோஸ்டைல் படியாக எடுக்கப்பட்டு, மாதந்தோறும் சிறு எண்ணிக்கையிலான சந்தாதாரர்களுக்கு அஞ்சலில் போயிற்று. நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆர்வலர்கள் தாங்கள் கண்டதைக் கடிதமாக எழுதினார்கள், அக்கடிதங்களே இதழை நிறைத்தன. 2003 வரை அதன் ஆசிரியர் அவரே.

அப்படிப்பட்ட இதழில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடிதத்துக்குத் தலைப்பு வைக்கிறார். ஏற்கெனவே வந்த செய்தியை மறுபடி அச்சிடாமல் தவிர்க்கிறார். தேதியும் இடமும் விட்டுப்போயிருந்தால் எழுதிக் கேட்கிறார். ஐயத்துக்குரிய அடையாளத்தை அறிந்தவரிடம் காட்டுகிறார். ஒருவரை ஒருவர் காயப்படுத்தும் வரியை நீக்குகிறார். வெளியே தெரிந்தால் பறவைக்குக் கேடு வரும் என்றால் இடத்தைக் குறிப்பிடாமல் விடுகிறார். கடைசியாக, இதழ்களைத் தொகுத்து வைக்கிறார்; பல ஆண்டுகள் கழித்துத் தேடுபவருக்கு அவை கிடைக்கின்றன.

1986இல் எரிக் தாமா உருவாக்கிய லிஸ்ட்செர்வ் மென்பொருள், ஒரு முகவரிக்கு எழுதினால் அத்தனை உறுப்பினருக்கும் மடல் தானாகவே போய்ச்சேரும் ஏற்பாட்டைச் செய்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே இயற்கை ஆர்வலர்களுக்கும் இலக்கிய வாசகர்களுக்கும் கணினித் தமிழில் ஈடுபட்டவர்களுக்கும் மடற்குழுக்கள் உருவாகிவிட்டன. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே இருந்த ஆசிரியர் விலகினார். அவர் செய்துவந்த வேலை அப்படியே இருந்தது. அதை இனி எழுதும் ஒவ்வொருவரும் செய்தாக வேண்டும். மடல் நாகரிகம் என்று நாம் சொல்வதெல்லாம், உற்றுப் பார்த்தால், அந்தப் பழைய ஆசிரியரின் பணிகள்தான்.

இதை முதலில் உணர்ந்து எழுத்தில் வைத்தவர்கள் இணையத்தைக் கட்டியவர்களே. 1995 அக்டோபரில், இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய சாலி ஹேம்பிரிட்ஜ் எழுதிய நெறிக்குறிப்பு, ஆர்.எஃப்.சி. எனப்படும் இணையக் குறிப்புகளின் வரிசையில் 1855 என்ற எண்ணில் வெளியானது. அஞ்சலட்டையில் எழுதத் தயங்குவதை மின்னஞ்சலிலும் எழுதாதே என்கிறது அது. குழுவில் சேர்ந்ததும் எழுதிவிடாமல், ஓரிரு மாதம் படித்து அதன் போக்கைப் புரிந்துகொள்ளச் சொல்கிறது. கையொப்பம் நான்கு வரிக்கு மிகக்கூடாது, கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருந்து பார்க்க வேண்டும், பதிலில் முந்தைய மடலின் தேவையான பகுதியை மட்டும் வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. கருவிகள் மாறிய பின்னும் அந்தக் குறிப்பின் பெரும்பகுதி இன்றும் செல்லும், ஏனென்றால் அது கருவியை விட்டுவிட்டுப் படிப்பவரை நினைத்து எழுதப்பட்டது.

தமிழ்க் குழுக்கள் கற்றுத் தந்தது

தமிழில் இந்த நெறி இன்னும் அடிப்படையான ஓரிடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அனுப்பிய மடல் எதிரே இருப்பவர் திரையில் தமிழாகத் தெரிய வேண்டும். மலேசியத் தமிழரான பாலா பிள்ளை சிட்னியிலிருந்து தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழு 1990களின் நடுப்பகுதியில் உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்களைச் சேர்த்தது. அப்போது ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். ஒருவர் மயிலை எழுத்துருவில் எழுதினால், வேறு எழுத்துரு வைத்திருப்பவருக்கு அது வெறும் குறிகளாகவே தெரியும். ஆகவே எல்லாரிடமும் இருக்கும் எழுத்துருவில் எழுதுவதே அங்கே முதல் மரியாதையாக இருந்தது. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1997 தொடங்கிப் பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கியதுதான் டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம். அரசாணை எதுவும் இல்லாமல், கருத்து வேறுபாடுகளோடு, கடிதம் எழுதியே ஒரு தரத்தைக் கட்டினார்கள்.

அதே சூழலில் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். பழந்தமிழ் நூல்களை ஒருவர் தட்டச்சு செய்ய, வேறு நாட்டில் இருக்கும் இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார். தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் மின்னூலின் முகப்பிலேயே இருக்கும். ஊதியமில்லாத கூட்டுப் பணியில் உழைத்தவர் பெயரைச் சொல்வதே கூலி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பறவைக் குழுக்களுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அரிய பறவையை முதலில் கண்டவர் ஒருவர், நல்ல படம் எடுத்தவர் வேறொருவர், அடையாளம் சொன்னவர் மூன்றாமவர் என்று அடிக்கடி நடக்கும். படம் எடுத்தவர் பெயர் மட்டும் நிலைத்து, வரப்பில் நின்று முதலில் கைகாட்டிய உள்ளூர்க்காரர் பெயர் காணாமல் போவது வழக்கமாகிவிட்டது. இதை நாம் மாற்ற வேண்டும்.

ஒரு மடல், வரிவரியாக

நல்ல மடல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரியை அமைத்துப் பார்க்கலாம். கோடிக்கரைப் பக்கம் ஒருவர், காலில் சிறு பிளாஸ்டிக் கொடி மாட்டப்பட்ட உள்ளானைப் பார்க்கிறார் என்று கொள்வோம். வளையத்தைவிடக் கொடி தொலைவிலிருந்தும் தெரியும். அதன் நிறமும் எழுத்தும் அந்தப் பறவை எங்கே, எப்போது பிடிக்கப்பட்டது என்று சொல்லும். மகிழ்ச்சியில் அவர் குழுவுக்கு, “சூப்பர்! கொடி போட்ட பறவை பார்த்தேன்!!” என்று எழுதி, எட்டுப் படங்களை இணைத்துவிட்டால், அந்தச் செய்தியால் யாருக்கும் பயனில்லை. அதையே இப்படி எழுதலாம்:

“பொருள்: கொடியிட்ட கொசு உள்ளான் – அகஸ்தியம்பள்ளி உப்பளம் – ஜனவரி 12.

அனைவருக்கும் வணக்கம். இன்று காலை 7.10 முதல் 7.40 வரை அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ஏறத்தாழ 60 கொசு உள்ளான்களைப் பார்த்தோம். அவற்றில் ஒன்றின் வலக்காலில், மூட்டுக்கு மேலே, இரண்டு கொடிகள்: மேலே வெள்ளை, கீழே கருப்பு. எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. இடக்காலில் உலோக வளையம். தொலைவு 40 மீட்டர் இருக்கும். முதலில் கண்டவர் என்னுடன் வந்த உப்பளத் தொழிலாளி. இரண்டு படங்களைச் சுருக்கி இணைத்துள்ளேன். மூலப்படம் தேவைப்படுவோர் தனிமடலில் கேட்கலாம்.”

பொருள் வரியில் பறவை, இடம், நாள் மூன்றும் வந்துவிட்டன. பத்து ஆண்டு கழித்து அகஸ்தியம்பள்ளி என்று தேடுபவருக்கும் இது அகப்படும். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே என்ற விவரங்கள் ஆய்வாளருக்கு உயிர்நாடி. இவற்றில் ஒன்று தவறினாலும் பறவையின் கதை வேறு நாட்டுக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விட மதிப்புள்ள வரி, எழுத்துகளைப் படிக்க முடியவில்லை என்பது. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லும் அந்த நேர்மையால்தான் மடலின் மற்ற வரிகளையும் நம்ப முடிகிறது.

படங்களைச் சுருக்குவதும் வெறும் உபசாரம் அல்ல. ஹாட்மெயில் ஒருவருக்கு 2 எம்.பி. இடம் மட்டுமே கொடுத்த காலத்தில், ஒரே ஒரு பெரிய படம் அடுத்தவருடைய பெட்டியை நிரப்பி, அவருக்கு வரவேண்டிய மற்ற மடல்களைத் திருப்பி அனுப்பிவிடும். 2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 ஜி.பி. கொடுத்த பிறகு அந்த நெருக்கடி தணிந்தது. ஆனாலும் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் மாணவரும், சிக்னல் குறைந்த கடலோரக் கிராமத்தில் இருப்பவரும் இன்றும் குழுவில் இருக்கிறார்கள்.

ஐந்நூறு பேரின் நேரம்

குழுவில் ஐந்நூறு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் “நன்றி” என்று மட்டும் அனைவருக்கும் எழுதுகிறார். அதைத் திறந்து பார்த்து மூட ஒருவருக்கு ஐந்து நொடி என்றாலும் மொத்தம் 2,500 நொடி, அதாவது நாற்பது நிமிடத்துக்கு மேல். எழுதியவருக்கோ இரண்டு நொடிதான் ஆகியிருக்கும். நன்றி சொல்ல வேண்டியதுதான், அதை உரியவருக்குத் தனிமடலில் சொல்லலாம். பிறந்தநாள் வாழ்த்து, பண்டிகை வாழ்த்து, எங்கிருந்தோ வந்த மருத்துவக் குறிப்பு ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். இவை குவியக் குவிய, தீவிரமாகப் படிப்பவர்கள் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் உண்மையிலேயே அவசரமான செய்தி வரும்போது, எடுத்துக்காட்டாக உப்பளத்தில் அடிபட்டுக் கிடக்கும் பூநாரையைப் பற்றி ஒருவர் எழுதும்போது, பார்க்க வேண்டியவர் பார்ப்பதில்லை.

‘அனைவருக்கும் பதில்’ என்ற பொத்தானின் ஆற்றலை இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2016 நவம்பர் 14 அன்று பார்த்தது. ஊழியர் ஒருவர் அனுப்பிய சோதனை மடல் ஏறத்தாழ 8,40,000 பேருக்குப் போய்விட்டது. இது எனக்கு ஏன் வந்தது, என்னை நீக்குங்கள் என்று பலர் அனைவருக்கும் பதில் எழுத, சுமார் 75 நிமிடத்தில் 50 கோடி மடல்கள் சுற்றின என்று கணக்கிடப்பட்டது. அமைப்பே திணறியது. அவர்களில் ஒருவரும் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. தான் எழுதுவது எத்தனை பேருக்குப் போகிறது என்று ஒரு கணம் பார்க்காததுதான் காரணம்.

திருத்துவது எப்படி

ஆர்வலர் குழுக்கள் உடைவது பெரும்பாலும் ஒருவர் தவறைப் பிறர் திருத்தும் இடத்தில்தான். கோடிக்கரையில் முன்பு பதிவாகியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் உலகெங்கும் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. அதைக் காண வேண்டும் என்று ஆர்வலர் ஒவ்வொருவரும் ஏங்குகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அதன் கரண்டி மூக்கு நேர்மூக்குபோலத் தெரியும். மாறாக, நுனியில் சேறு ஒட்டிய கொசு உள்ளானின் மூக்கு கரண்டிபோலத் தெரியக்கூடும். புதியவர் ஒருவர் ஏமாறுவது இயல்பே. அவர் மடலுக்கு, “இதுகூடத் தெரியாதா? முதலில் புத்தகத்தைப் படியுங்கள்” என்று பதில் வந்தால் அவர் அதோடு எழுதுவதை நிறுத்திவிடுவார். அவரோடு சேர்ந்து, படித்துக்கொண்டு மட்டுமே இருக்கும் இன்னும் பலரும் எழுதாமல் போய்விடுவார்கள். மாறாக, “தம்பி, இரண்டாவது படத்தில் மூக்கின் அடிப்பகுதி ஒல்லியாகவே இருக்கிறது, நுனியில் இருப்பது சேறு என்று நினைக்கிறேன். நேர் முன்னாலிருந்து எடுத்த படம் இருக்கிறதா?” என்று மூத்தவர் எழுதினால், தவறும் திருந்தும், காரணமும் பதிவாகும், எழுதியவரும் நிலைப்பார். அதன்பின் கற்றுக்கொள்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர், குழு முழுவதும் கற்கும்.

எழுத்தில் தொனி போய்ச்சேராது என்பதை ஆய்வும் காட்டியிருக்கிறது. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எழுதுவது கிண்டலா உண்மையா என்பதைப் படிப்பவர் ஏறத்தாழ 78 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். மின்னஞ்சலில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது ஏறத்தாழ 56 விழுக்காடுதான், காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். குரலில் சொன்னபோது 73 விழுக்காடு. எழுதும்போது நம் காதில் ஒலிக்கும் குரல் அடுத்தவர் காதில் ஒலிப்பதில்லை. ஆகவே குழு மடலில் கிண்டலைத் தவிர்ப்பதே நல்லது.

தமிழில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது. வினைமுற்றிலேயே மரியாதை இருக்கும் மொழி நம்முடையது. முன்பின் அறியாதவரை ஒருமையில் விளித்தால், மற்ற வரிகள் எவ்வளவு நயமாக இருந்தாலும் அது உறைக்கும். மறுபக்கம், மூத்தவர் சொன்னார் என்பதற்காகவே ஐயா, சார் என்று தலையாட்டிவிட்டுத் தவறான அடையாளத்தை ஏற்பதும் குழுவுக்குக் கேடு. விளிப்பில் மரியாதையும் வாதத்தில் சமத்துவமும் சேர்ந்து இருக்க முடியும். “ஐயா, தங்கள் கருத்தோடு வேறுபடுகிறேன், காரணம் இது” என்று ஒரு பள்ளி மாணவி எழுத முடிகிற குழுதான் வளரும்.

சொல்லாமல் விட வேண்டியது

பறவைக் குழுக்களுக்கே உரிய நெறி ஒன்று உண்டு: கூடு இருக்கும் இடத்தை எழுதக் கூடாது. ஓர் அரிய பறவையின் கூடு எங்கே என்று குழுவில் வந்துவிட்டால், மறுநாள் காலையில் கேமராக்கள் வந்து நிற்கும். மறைப்பான கிளைகள் விலக்கப்படும், வெயில் குஞ்சின்மீது விழும், தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பத் தயங்கும். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கோ காலடியே ஆபத்து. பொறிவைத்துப் பிடிப்பவர் குழுவில் இல்லை என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, மடல் எளிதில் வெளியே போகும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூலப்படத்தை அப்படியே மின்னஞ்சலில் இணைத்தால் அவையும் சேர்ந்தே போகும். ஆர்வலர்களின் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளம் 2017 முதல், ஆபத்துக்குள்ளாகும் சில இனங்களின் துல்லிய இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கிறது. அங்கே பதிவைக் கொடுத்துவிட்டு, குழுவில் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். வயலுக்குள் அனுமதித்த விவசாயியின் பெயரையும் எண்ணையும் அவரைக் கேட்காமல் பகிர்வதும் இதே வகையான தவறுதான்.

காத்து வைப்பது

ஆசிரியரின் கடைசிப் பணி தொகுத்து வைப்பது. அதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். தமிழ் ஆர்வலர் குழுக்கள் பலவும் யாஹூவில் இயங்கின. அந்நிறுவனம் 2019 இறுதியில் பழைய மடல்களை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பர் 15 அன்று குழுச் சேவையையே மூடியது. இலக்கியம், மொழி, இயற்கை என்று பல ஆண்டு நடந்த விவாதங்களில், யாராவது முன்கூட்டியே படியெடுத்து வைத்தவை மட்டுமே பிழைத்தன. மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் கிடைக்கக் காரணம், மடல்வழி நடந்த உழைப்பின் விளைவு மடற்பெட்டிக்கு வெளியே தனியாகச் சேமிக்கப்பட்டதே.

வாட்ஸ்அப்பில் நிலை இன்னும் மோசம். உரையாடல் அவரவர் கைப்பேசியில் கிடக்கிறது. ஒரு கேள்வியும் அதன் விடையும் ஐம்பது பிற செய்திகளுக்கு நடுவே சிதறுகின்றன. ஒரே இழையில் ஒரே பொருள் என்ற பழைய மடற்குழு ஒழுங்கு அங்கே இல்லை. 2015 முதல் பொங்கல் நாட்களில் நடந்துவரும் பறவைகள் கணக்கெடுப்பு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. குழுவில் பேசுகிறார்கள், ஆனால் பார்த்தது ஈபேர்டில் பதிவாகிறது. பேச்சு மறைந்தாலும் தரவு நிற்கும்.

ஆனால் பட்டியலில் அடங்காதது நிறைய இருக்கிறது. ஏன் அந்த அடையாளம் மாற்றப்பட்டது, உள்ளூரில் அப்பறவைக்கு என்ன பெயர், எந்த ஆண்டு எந்தக் குளத்தில் நீர் வற்றியது என்பதெல்லாம் மடல்களில்தான் இருக்கும். ஆகவே காவிரி டெல்டாவிலுள்ள ஒவ்வோர் ஆர்வலர் குழுவும், அது பறவைக்கானதோ நெல் ரகங்களுக்கானதோ, இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, தன் நெறியைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே கொடுப்பது. மட்டுறுத்துநர் ஒருவரை நீக்கவோ மடலை நிறுத்தவோ நேர்ந்தால், அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் செய்ய வேண்டும். சொந்த விருப்புவெறுப்புக்கு அங்கே இடமில்லை. மற்றொன்று, ஆண்டுக்கொரு முறை தேர்ந்த இழைகளை, எழுதியவர்களின் ஒப்புதலோடு, கூட்டின் இடங்களை நீக்கி, தேதி வாரியாகத் தொகுத்து ஒரு நூலகத்தில் சேர்ப்பது. ஒருவர் சில நாட்கள் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. இதைச் செய்யும் குழுவின் உறுப்பினர்கள் அடுத்த மடலை எழுதும்போதே இன்னும் கவனமாக எழுதுவார்கள், ஏனென்றால் தாங்கள் எழுதுவது நிலைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.